வார்டம்மாவின் பட்டினித் தட்டுகள்

எந்தத் திரவமானாலும் நிறத்தைப் பார்த்தே சங்கதியைச் சொல்லிவிடுவாள் வார்டம்மா. பத்தொன்பது வருஷம் புற்றுநோய் வார்டில் ஆயாவாக இருந்து, மூத்திரப் பைகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பழகிய கண். வெளிர்மஞ்சள் என்றால் பேசாமல் அடுத்த படுக்கைக்குப் போவாள். அடர்மஞ்சள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் தொலைந்தார்.

"தண்ணி குடுத்தீங்களா, இல்ல போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? துணைக்கு வந்தீங்களா, வேடிக்கைக்கு வந்தீங்களா?"

டாக்டர்களே அவள் ஷிஃப்டில் கொஞ்சம் அடக்கமாக நடப்பார்கள்.

வார்டில் அவளுக்கென்று இரண்டு சட்டம் உண்டு. முதலாவது, மருந்து டாக்டருடையது, சாப்பாடு தன்னுடையது. மருந்தை அவள் தொடமாட்டாள். சாப்பாட்டில் டாக்டர் மூக்கை நுழைக்கக் கூடாது. இரண்டாவது, கட்டில் காலில் தொங்கும் போர்டை ஒரு நாளுக்கு மேல் நம்பக் கூடாது.

இரண்டாவது சட்டம் ஒரு பஸ் கண்டக்டரால் வந்தது. ஆபரேஷனுக்காக அவர் கட்டிலில் "வாயில் எதுவும் கொடுக்காதே" என்று போர்டு மாட்டினார்கள். ஆபரேஷன் தள்ளிப்போனது. போர்டைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. மனிதர் முப்பது வருஷம் விதிமுறைப்படி டிக்கெட் கிழித்தவர். இதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு கிடந்தார். விடுப்பு முடிந்து மூன்றாம் நாள் வந்த வார்டம்மாவிடம், "இந்த ஆஸ்பத்திரியில எல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா, சாப்பாடுதான் கொஞ்சம் லேட்" என்றார். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கீழ்த்தள மருந்துக்கடை வரைக்கும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்களாம். அதற்கப்புறம் எந்தக் கட்டிலில் போர்டைப் பார்த்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பாள். நேற்றைய தேதி என்றால் அது வெறும் அட்டை.

ஒரு நாள், கூடப் பிடிக்க வேண்டியவன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், கனத்த நோயாளி ஒருவரைத் தனியாகப் புரட்டினாள். இடுப்பில் ஏதோ கடக்கென்றது. இனி ஆளைத் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆளைத் தூக்காத ஆயாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நிர்வாகம் தலையைச் சொறிந்து, கடைசியில் பின்கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பியது. அங்கே இருந்த நோயாளிகள் கண்ணுக்கே தெரியாதவர்கள்: யார் யாருடைய கட்டியிலிருந்தோ எடுத்து வளர்த்துவரும் செல்கள். புரட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம், முக்கியமாக, சொந்தக்காரர்கள் கிடையாது.

செல்கள் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டுகளில், மீடியம் என்ற ரோஸ் நிறத் திரவத்தில், உடம்புச் சூட்டில் வைத்த ஓர் அலமாரிக்குள் இருக்கும். மீடியம்தான் அவற்றின் சாப்பாடு. சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கழிவு சேர்ந்ததும் ரோஸ் மஞ்சளாகும். அப்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். இதை ஒரு வாரம் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. வார்டம்மா முதல் நாள் காலையிலேயே, "மஞ்சளானா மாத்தணும். அவ்வளவுதானே? இதைத்தானே பத்தொன்பது வருஷமா பண்றேன்" என்று கையுறையை மாட்டிக்கொண்டாள். மூன்று மாதத்தில் கூடத்தில் ஒரு தட்டு கெட்டது என்ற பேச்சே நின்றுபோனது. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இதுங்க ராத்திரியெல்லாம் தின்னிருக்கு, ஊரான் வீட்டு விருந்து மாதிரி" என்று திட்டிக்கொண்டே ஊற்றுவாள்.

மறு வருஷம் அங்கேயே இன்னொரு வேலை காலியாக, கொழுந்தனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் சிபாரிசுக்கு நின்றது அந்த ஒரு தடவைதான்; அதற்காக வாரம் ஒரு தடவையாவது தலையில் அடித்துக்கொண்டாள்.

கொழுந்தனுக்குக் கூடத்தில் வைத்த பெயர் சாவகாசம். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போவதற்கே அவன் கிளம்பி முடியவில்லை என்பாள் வார்டம்மா. நான்கு இடத்தில் வேலை போனவன். அவள் வீட்டு மாடி அறையில்தான் ஜாகை. இந்த வேலையில் சேர்ந்தபின் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையை அவன் கழற்றியதே இல்லை. தெருமுனைக் கடைக்கு சோப்பு வாங்கப் போனாலும் அட்டை ஆடிக்கொண்டு முன்னால் போகும்.

அவனிடம் அவளுக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. அவள் புருஷன் அதே புற்றுநோய் வார்டில் ஏழாம் கட்டிலில் கிடந்தபோது, சாவகாசம் எங்கோ படித்துவிட்டு வந்து, "அண்ணா, மூணு நாள் பட்டினி கிடந்தா கட்டி சாப்பாடில்லாம செத்துடுமாம்" என்று ஓதினான். அண்ணனும் ரகசியமாகச் சாப்பாட்டை ஜன்னலுக்கு வெளியே போட ஆரம்பித்தார். இரண்டாம் நாள் பூனைக் கூட்டத்தைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தாள் வார்டம்மா. கையில் கரண்டியோடு கொழுந்தனைப் படிக்கட்டு வரை துரத்தினாள்.

"கட்டி சாகறதுக்குள்ள உங்கண்ணன் செத்துடுவார்டா! அது அவர் சதையைத் தின்னு வாழும். இவரு எதைத் தின்னு வாழறது, உன் பேச்சையா?"

அதற்கப்புறம் அவர் ஐந்து மாதம் இருந்தார். அந்த ஐந்து மாதமும் அவள் ஊட்டியதைச் சாப்பிட்டுக்கொண்டே உப்புக் குறைச்சல் என்று குறை சொன்னார். குறை சொல்லத் தெம்பிருந்ததே, அது போதும் என்று அதோடு அந்த அத்தியாயத்தை மூடிவிட்டாள். பட்டினி என்ற சொல் மட்டும் அவளுக்கு ஆகாமல் போயிற்று.

இந்த நிலைமையில்தான் டாக்டர் வந்து சேர்ந்தாள். ஊசி போடாத டாக்டர். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். முப்பத்திரண்டு வயது. நடக்கும்போதே சாப்பிடுவாள், சாப்பிடும்போதே எழுதுவாள், எழுதும்போதே பேனாவைத் தொலைப்பாள். கட்டிச் செல்களுக்குள் கஷ்டகாலத்தில் வேலை செய்யும் ஒரு நொதியைப் பற்றி அவள் ஆராய்ச்சி. அந்த நொதியை முடக்கும் மருந்து ஒன்று அவளிடம் இருந்தது. அது செல்களைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏற்பாடு எளிமையானது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் தட்டுகளில் சத்துக் குறைந்த மீடியத்தை ஊற்றுவாள். பாதித் தட்டில் மருந்து, மீதிப் பாதியில் மருந்து கிடையாது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு டேப்பில் "பட்டினி – வெள்ளி" என்று எழுதுவாள். சனி, ஞாயிறு அலமாரியைப் பார்த்துக்கொள்வது வார்டம்மாவும் சாவகாசமும் முறை வைத்து. திங்கள் காலை ஏழு மணிக்கு அந்த வார இறுதிக்காரர் மீடியத்தைக் கொட்டிவிட்டுத் தட்டுகளுக்கு ஊதாச் சாயம் போட வேண்டும். உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் ஊதாவாகும்; செத்தவை கழுவும்போது போய்விடும். ஒன்பது மணிக்கு வரும் டாக்டர் கண்ணில் படுவது சாயம் போட்ட தட்டுதான். மீடியம் என்ன நிறத்தில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

எட்டு வார இறுதிகள் போயின. சாவகாசத்தின் முறையில் வந்த நான்கு திங்களும், மருந்து போட்ட தட்டு வெறிச்சென்று கிடந்தது. மருந்து போடாதது நல்ல ஊதா. வார்டம்மாவின் நான்கு திங்களும், இரண்டுமே பளிச்சென்று ஊதா, மருந்தாவது மண்ணாங்கட்டியாவது என்பதுபோல.

துறைத் தலைவர் இதைப் பார்த்தார். அறுபது வயது, எந்தப் பிரச்சினைக்கும் ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். வார்டம்மாவின் கையில் ஒரு தட்டு கெட்டதில்லை. சாவகாசமோ ஒரு தடவை தட்டுகளை ஃப்ரிட்ஜ் மண்டையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய், பிஸ்கட் நன்றாக இருந்ததால் இன்னொரு டீயும் குடித்தவன். தீர்ப்புக்கு என்ன யோசனை?

"உங்க மருந்து வேலை செய்யலம்மா," என்றார் டாக்டரிடம். "அவன் வாரத்துல செத்ததெல்லாம் கவனிக்காம செத்தது."

"கவனிக்காம செத்தா எல்லாம்தானே சார் சாகணும்? மருந்து போடாதது மட்டும் எப்படிப் பொழைச்சுது?"

"மருந்துத் தட்டெல்லாம் கீழ் அடுக்குல இருக்கு. அதை வெளிய எடுத்து வச்சு மறந்திருப்பான். அவனைக் கேளுங்க, அவனே சொல்வான்."

கேட்டார்கள். சாவகாசம் கூரையைப் பார்த்துவிட்டு, "இருக்கலாம் சார்" என்றான்.

வியாழக்கிழமை செய்தி வந்தது. அந்த வார இறுதி சாவகாசத்தின் முறை. அவனை அந்த அறைக்குள்ளேயே விடக் கூடாது, வார்டம்மா வருவாள். திங்கள் மத்தியானம் அவன் வேலைநீக்கக் கடிதத்தில் தலைவர் கையெழுத்துப் போடுவார்.

வார்டம்மா அன்று மாலை வீட்டில் காய் நறுக்கிய வேகத்தில் பலகை இரண்டு இடத்தில் பிளந்தது. மாடியில் சாவகாசம் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா 'இருக்கலாம் சார்'? எடுத்து வச்சியா, வைக்கலையா?"

"ஞாபகம் இல்ல அண்ணி. என்னைப் பத்தி எனக்கே தெரியுமில்ல? வச்சிருப்பேன்."

"வச்சிருப்பேனா! கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமா போட்டு வேலையைத் தொலைச்சுட்டு, நாள் பூரா என் வீட்டுக்குள்ள பாட்டு முணுமுணுத்துக்கிட்டுத் திரியப் போறியா? எனக்குப் பைத்தியம் பிடிக்கும்."

"அட்டையைத் திருப்பிக் குடுக்கணுமா அண்ணி?" என்றான்.

நாற்பத்தாறு வயதில், நான்கு இடத்தில் துரத்தப்பட்டவனை ஐந்தாவதாக யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால்தான் அட்டையைத் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், தட்டுகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த டாக்டர் எதிரில் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் வார்டம்மா.

"டாக்டரம்மா, ஒரு விஷயம். அவன் சோம்பேறி. நான் மறுக்கல, உலகத்துக்கே தெரியும். ஆனா சோம்பேறி எதையாவது எடுத்து வெளிய வைப்பானா? அதுக்கே ரெண்டு கை வேணுமே."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் அதைத்தாங்க சொல்றேன். எனக்கு உங்க கொழுந்தன் வாரத்துல புரியாதது ஒண்ணுமில்ல. உங்க வாரம்தான் புரியல."

"என் வாரத்துக்கு என்ன குறை?"

"குறையே இல்லங்க, அதான் குறை. செத்திருக்கணும். சாகல."

"ஏன் சாகணும்? ஒழுங்கா எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எட்டு வாரமா சாயம் போடறேன், எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல."

டாக்டர் பேனாவைத் தேடினாள். கிடைக்காமல் டேப் சுருளை மேஜை நடுவில் வைத்தாள். "இது ஒரு செல்லுன்னு வச்சுக்குங்க. பசி, சூடு, காத்து இல்லாம போறது, இந்த மாதிரி ஏதாவது கஷ்டம் வந்தா உள்ள ஒரு என்சைம் முழிச்சுக்கும். முழிச்சவுடனே பெரிய செலவையெல்லாம் நிறுத்தும். புதுசா எதையும் கட்டாதே, இருக்கறதை வச்சு ஓட்டு, உடைஞ்சு கிடக்கற சாமானைக் கூட உருக்கித் தின்னுன்னு உத்தரவு போடும். செல்லு எப்படியோ நாலு நாளைத் தள்ளிடும்."

"புருஷனுக்கு வேலை போன வீட்டுல மூத்த மருமக பண்ற காரியம்."

"அதேதான். எல்லா நல்ல செல்லுக்கும் இந்த மருமக இருக்கா. எப்பவாவது எழுந்திருப்பா, வேலையை முடிச்சுட்டுத் தூங்கப் போயிடுவா. கட்டி செல்லு அப்படி இல்ல. அது கணக்கில்லாம பெருகுது. பெருகற வேகத்துக்கு ரத்தக்குழாய் எட்டாது. கட்டிக்கு நடுவுல இருக்கறதுங்களுக்குச் சாப்பாடே போகாது. நியாயமா செத்துப் போகணும்."

"போறதில்லையே. நான்தான் பாத்திருக்கேனே."

"இந்த மருமகளைத் தூங்கவே விடாம வேலை வாங்கும், அதனால. ஆபத்துக்குன்னு இருந்தவளை அன்றாடத்துக்குப் பிடிச்சுப் போட்டுடும். என் மருந்து என்ன பண்ணும்னா, அவ கையைக் கட்டிப் போடும். கை கட்டினா பட்டினியைச் சமாளிக்க முடியாது, செல்லு செத்துடும்."

"வயிறு நிறைஞ்ச செல்லா இருந்தா?"

"மருமக தூங்கிக்கிட்டிருப்பா. தூங்கறவ கையைக் கட்டினா என்ன, கட்டாட்டி என்ன? அதனாலதானே வெள்ளிக்கிழமைலேர்ந்து பட்டினி போடறேன்."

வார்டம்மா மேஜையில் இருந்த தட்டைப் பார்த்தாள். டேப்பில் "பட்டினி – வெள்ளி" என்று எழுதியிருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த டேப்பைப் படித்திருக்கிறாள்! படித்து, தேதியைப் பார்த்து, வெள்ளிக்கிழமைப் பட்டினிக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று எத்தனை தடவை முணுமுணுத்திருக்கிறாள். மீடியமோ அடர்மஞ்சள். மருந்து டாக்டருடையது, அதைக் கொட்டக் கூடாது. ஆகவே பழையதைத் தொடாமல் மேலே ஒரு வாய், நல்ல ரோஸ் மீடியமாக, தட்டு தட்டாக. வார்டில் வறண்ட வாய்க்கு ஒரு கரண்டித் தண்ணீர் விட்டதை யாராவது எழுதி வைப்பார்களா? இதையும் எழுதவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. கெட்ட பெயர் எடுத்தவன் ஒருவன் கைவசம் இருக்கும்போது நல்ல பெயர் எடுத்தவளை யார் கேட்பார்கள்?

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"இடுப்பு" என்று எழுந்துவிட்டாள் வார்டம்மா.

அது பொய். சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வெறும் வாயால் சொன்னால் தலைவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்: கொழுந்தனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள், பாவம் என்பார். அந்தப் பாவம் என்ற சொல்லை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கள்கிழமை தட்டே சொல்லட்டும். இந்த இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும்.

கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது சனிக்கிழமை மத்தியானமே தெரிந்துவிட்டது. அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ரோஸ் வெளிறி ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது. அவள் தரையைத் துடைத்தாள். பாட்டில்களை உயரவாரியாக அடுக்கினாள். பிறகு கலைத்து, தேதிவாரியாக அடுக்கினாள். நாலு தடவை கையுறை மாட்டி நாலு தடவை கழற்றினாள். ஞாயிறு காலை வந்து பார்த்தபோது எல்லாத் தட்டும் மஞ்சள். முதுகில் எறும்பு ஊர்வது போலிருந்தது. கட்டில் கட்டிலாக மனிதர்கள் வாய் வறண்டு கிடக்க, தான் முக்காலியில் உட்கார்ந்து காலாட்டுவது போல.

பதினொரு மணிக்கு, புது மீடியம் பாட்டில் தானாகவே அவள் கைக்கு வந்திருந்தது. அப்போது கதவைத் தட்டும் சத்தம். வாசலுக்கு வெளியே, படியைத் தாண்டாமல், சாப்பாட்டு டப்பாவும் ஃபிளாஸ்கில் டீயுமாகச் சாவகாசம். அட்டை கழுத்தில்.

"உள்ள வரல அண்ணி. விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க காலைல டப்பாவை மறந்துட்டீங்க."

வார்டம்மா எதையும் மறப்பவள் இல்லை. டப்பாவைப் பார்த்தாள், கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"உக்காரு. ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாத."

சொன்னாள். போர்டு, டேப், ஒரு வாய் மீடியம், தூங்கும் மருமகள், எல்லாம். சாவகாசம் ஃபிளாஸ்கைத் திறந்தான். டீயை ஊற்றி அவளிடம் கொடுத்துவிட்டு மூடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"அப்போ," என்றான் கடைசியில், "அந்த நாலு வாரம் செத்துதே, அதையெல்லாம் நான் கொல்லலையா?"

"நீ எங்கடா கொன்ன? மருந்து கொன்னுச்சு. உன் வாரம்தான் சரியான வாரம். என் வாரம்தான் தப்பு."

"நான் கொன்னேன்னுதான் நினைச்சேன். நிறைய யோசிச்சுப் பாத்தேன் அண்ணி. எடுத்து வச்ச ஞாபகமே இல்ல. சரி, என்னைத் தவிர யாரு பண்ணியிருக்க முடியும்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். பிறகு மெல்ல ஒரு சிரிப்பு கிளம்பியது. தோள், வயிறு என்று குலுங்கி, படிக்கட்டே அதிர்கிற மாதிரி சிரித்தான். "நான் சரி, நீங்க தப்பு! இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி."

"செருப்பு பிஞ்சிடும். சிரிச்சது போதும், இதுக்கு வழி சொல்லு. இன்னும் ஒரு பகல் இருக்கு. அதுங்க மஞ்சளா கிடக்கறதைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. நீ எப்படிடா இருப்ப?"

சாவகாசம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் ஆயுளில் அவனிடம் யாரும் தொழில் நுணுக்கம் கேட்டதில்லை.

"முதல்ல, உள்ள உக்காரக் கூடாது அண்ணி. அலமாரியைப் பாத்த மாதிரி நாற்காலியே போடக் கூடாது. நான் வருவேன், சூட்டு முள் சரியா இருக்கான்னு பாப்பேன், நோட்டுல கையெழுத்துப் போடுவேன், வெளிய வந்துடுவேன். கண்ணுல பட்டாதானே கை அரிக்கும்? ரெண்டாவது, கையுறை மாட்டக் கூடாது. மாட்டினா வேலை செஞ்சே ஆகணும்னு தோணும்."

"மூணாவது?"

"மூணாவது டீ."

ஞாயிறு முழுவதும் வார்டம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று மணி நேரத்துக்கொரு தடவை உள்ளே போய் முள்ளை மட்டும் பார்த்து, கையெழுத்துப் போட்டு வெளியே வந்தாள். வேலை செய்த நாட்களில் இத்தனை களைப்பு வந்ததில்லை.

திங்கள் ஏழு மணி. அவள் சாயம் போடத் தொடங்குமுன் ஒரு காரியம் செய்தாள்: மஞ்சள் மீடியத்தோடு தட்டுகளை வரிசையாக வைத்து, போனில் படம் எடுத்தாள். பிறகு கொட்டி, சாயம் விட்டு, கழுவி, கவிழ்த்து வைத்தாள். மருந்து இல்லாத தட்டு ஊதா. பசியில் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் ஊதாதான். மருந்துத் தட்டு வெறும் பிளாஸ்டிக்.

ஒன்பது மணிக்கு டாக்டர் அதைப் பார்த்து, வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்தாள்.

"உங்க வாரத்துலயா?"

"என் வாரம்தான். தலைவர் ரூமுக்கு வாங்க, ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். ரெண்டு தடவை சொல்ல எனக்கு ஆகாது."

தலைவரின் மேஜையில் கடிதம் தயாராக இருந்தது. வார்டம்மா இரண்டு தட்டுகளையும் அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தாள். நாலு வார இறுதியும் தான் ஞாயிற்றுக்கிழமை மீடியம் விட்டதையும், இந்த வாரம் விடாததையும் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். படத்தைக் காட்டினாள்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். பட்டினின்னு எழுதியிருந்துச்சே!"

"வெள்ளின்னும் எழுதியிருந்துச்சு சார். எதுவரைக்கும்னு எழுதல. தேதி முடியாத போர்டை நான் நம்பறதில்ல, அதுக்குக் காரணம் இருக்கு. ஆனா கேட்டிருக்கணும், கேக்கல. அது என் தப்பு. அதுக்கு என்ன எழுதணுமோ எனக்கு எழுதுங்க. அவனுக்கு எழுதினதைக் கிழிங்க."

"கொழுந்தனுக்காக..."

"பாவம்னு மட்டும் சொல்லாதீங்க சார். தட்டைப் பாருங்க. கொழுந்தனுக்காகத் தட்டு பொய் சொல்லுமா?"

தலைவர் தட்டைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எழுந்து போய்விட்டாள். தலைவர் தட்டுகளுக்கு அடியிலிருந்து கடிதத்தை உருவி, இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அதில் ஓரமாக ஊதாக் கறை படிந்திருந்தது.

டாக்டர் கழுவும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நாலு வார இறுதி என்றால் நாலு வார இறுதி. அந்த வயதில் அது சின்ன நஷ்டமில்லை. வார்டம்மா கதவுக்கு வெளியே போய் நின்றாள்.

"டாக்டரம்மா, அழுது முடிச்சாச்சுன்னா குழாயை மூடுங்க. மேல்தொட்டி காலியாகுது."

"போங்க இங்கேர்ந்து!"

"போறேன். ஆனா ஒண்ணு. சாப்பாடு போட்டா உங்க மருந்து பலிக்காது, போடலைன்னா பலிக்கும். அதைக் காட்ட எப்படியும் இன்னொரு ஆராய்ச்சி பண்ணத்தானே வேணும்? பாதி நடந்துபோச்சு."

குழாய் நின்றது. கதவு திறந்தது. கண் சிவந்திருந்தாலும் முறைப்பு சரியாகவே இருந்தது.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஒரு வாய்."

"ஒரு வாய்னா எத்தனை மில்லி?"

"அளந்தா ஊட்டுவாங்க?"

"அப்போ அது ஆராய்ச்சி இல்லங்க, விருந்து. ஒண்ணுக்கும் உதவாது. எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும்." எட்டு நாள் அவள் வார்டம்மாவிடம் வேலைக்கு அவசியமான சொற்களுக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஒன்பதாம் நாள் பேனாவைக் காணோம் என்று கேட்டாள். அது அவள் காதிலேயே இருந்தது.

வார்டம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாழ்க்கையில் முதலாவது. படித்துப் பார்த்து, தேதி போட மறந்திருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பினாள். தேதியோடு வந்தபிறகு கையெழுத்துப் போட்டாள்.

முதலிலிருந்து செய்தார்கள். அலமாரிக் கதவில் புது அட்டவணை ஒட்டினார்கள். பட்டினி டேப்பில் எல்லாம் "வெள்ளி முதல் திங்கள் வரை" என்று முழுதாக எழுதினார்கள். ஒரு வாரம் ஊட்டும் வாரம்: அளந்து, எழுதி, வார்டம்மா. அடுத்தது பட்டினி வாரம்: சாவகாசம். அட்டவணையில் அவன் பெயருக்கு எதிரே, பொறுப்பு என்ற கட்டத்தில், "தட்டுகளைத் தொடாதிருத்தல்" என்று தட்டச்சு செய்து தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். சாவகாசம் அதைப் படம் எடுத்து, பெரிதாக்கி, தன் அறைச் சுவரில் மாட்டினான்.

வந்தது வினை. ஒரு பொறுப்பு என்று எழுத்தில் கிடைத்ததும் மனிதன் ஆளே மாறிவிட்டான். முதல் பட்டினி ஞாயிறு காலை ஆறரைக்கே சவரம் செய்துகொண்டு கிளம்பிவிட்டான். பத்து மணிக்கு வார்டம்மாவுக்குப் போன் வந்தது.

"அண்ணி, கீழ் அடுக்குல மூணாவது ரொம்ப மஞ்சளா இருக்கே. லேசா ஒரு பக்கமா சாய்ச்சு வைக்கட்டுமா? காத்தாவது படுமில்ல? கதவை மட்டும் கொஞ்சம் திறந்து..."

"நீ எங்க உக்காந்திருக்க?"

"அலமாரிக்கு எதிர்ல. நாற்காலி போட்டு."

"கையில என்ன?"

"கையுறை."

"கழட்டு. கழட்டிட்டியா? முள் சரியா இருக்கா? கையெழுத்துப் போட்டாச்சா? வெளிய வா. கதவைச் சாத்து. டீ எடுத்துட்டுப் போயிருக்கியா?"

"ஃபிளாஸ்க் நிறைய இருக்கு அண்ணி."

"குடி," என்றாள் வார்டம்மா. "மத்தியானம் வரைக்கும் குடி."